பெட்டகம் யாருக்குரியது?

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார வீடுகளைப் பற்றி எழுதுவோர் தூண்களையும் முற்றத்தையும் வருணிப்பர். உள்ளறையில் இருந்த பெட்டகத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். வங்கிகள் ஊருக்குள் வருமுன்னர் ஒரு குடும்பத்தின் வைப்பகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் விளங்கியது அதுவே. நகை, கூறைச்சேலை, காணி உறுதி, சாதகக் குறிப்பு, ஏட்டுச்சுவடி யாவும் அதற்குள்தான் இருந்தன. மூடியின்மேல் பாய் விரித்து வீட்டுப் பெரியவர் படுத்துக்கொள்வார். அதுவே காவல்.

அத்தகைய பெட்டகம் ஒன்று எங்கள் குடும்பத்திலும் உண்டு. முதிரைப் பலகை, பித்தளைப் பூண்கள், அடியில் மரச்சில்லுகள். பெற்றோர் காலமான பின்னர் வீட்டை விற்பதென முடிவாயிற்று. பெட்டகத்தை என்ன செய்வது? உடன்பிறந்தோர் நால்வரில் இருவர் இலண்டனிலும் தங்கை ரொறன்ரோவிலும் நான் கொழும்பிலும் வாழ்கிறோம். இக்கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதாலேயே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தளபாடங்களின் பெயர்களே ஒரு வரலாறு. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகியன போர்த்துக்கேயர் தந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பெட்டகம் என்ற பெயரோ அவர்கள் வருமுன்னரே நம்மிடம் இருந்தது. சிங்கள மக்களும் அதனைப் பெட்டகம என்றே அழைக்கின்றனர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட 1658 முதல் 1795 வரையான காலத்தில் அதன் பூணும் பூட்டுத்தகடும் புதுவடிவம் பெற்றன. எங்களுடையது அப்பாணியில் பிற்காலத் தச்சர் ஒருவர் செய்தது.

அது யாருக்குரியது? 1707 இல் ஒல்லாந்தத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு வழங்கினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை மூவகைப்படுத்துகிறது. தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்வது பழைய முறை. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பலவற்றை மாற்றியபோதிலும் வழக்கம் முற்றாக அழியவில்லை. எங்கள் பெட்டகம் அம்மம்மாவின் சீதனமாக வந்து அம்மாவின் சீதனமாக நின்றது. ஆகவே ஆண்மக்களாகிய நாங்கள் மூவரும் அதைப்பற்றி விவாதிக்குமுன், எங்கள் ஒரே தங்கையைக் கேட்பதே முறை என்றேன்.

தம்பி ஒருவர் விற்றுவிடலாம் என்றார். 2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரிகள் எங்கள் ஊரிலும் வீடுவீடாக விசாரித்தனர். நல்ல விலை கிடைக்கும். பூட்டிய வீட்டில் கறையான் தின்பதைவிட விற்பது மேல் என்ற அவரது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ரொறன்ரோவுக்கு அனுப்புவதும் எளிதன்று. பண்பாட்டு ஆதனங்கள் பற்றிய 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய பொருள்களை நாட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது.

நான் சொன்ன மறுமொழி வேறு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பெட்டகத்தை எவரால் சுமக்க முடியும்? அம்மா காணி உறுதிகளைத் துணிப்பையில் இட்டு எடுத்துச் சென்றார். ஏடுகள் பெட்டகத்தோடு தங்கின. 1996 இல் திரும்பியபோது பூட்டு உடைந்திருந்தது. ஏடுகளிற் சில கிழிந்து கிடந்தன; பல தப்பியிருந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டபின், எங்கள் வரலாற்றில் எஞ்சியவற்றுள் ஒரு பகுதி இத்தகைய மரப்பெட்டிகளுக்குள்ளேயே இருக்கிறது. அதனை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. வியாபாரி மரத்திற்கும் பித்தளைக்கும் விலை பேசுகிறார். உள்ளே கிடக்கும் தாள்களையும் ஏடுகளையும் குப்பையென்று கொட்டிவிட்டே அதனை ஏற்றிச் செல்வார்.

தங்கை தொலைபேசியில் நீண்ட நேரம் பேசவில்லை. "அண்ணா, அது ஊரிலேயே இருக்கட்டும். பாவிக்கிற ஆளிட்டைக் குடுங்கோ" என்றாள். ஊரில் வாழும் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரியின் மகளுக்கு அது செல்கிறது. அவள் வீட்டில் அது காட்சிப் பொருளாக இராது. உடுப்பும் உறுதியும் வைப்பாள். ஏடுகளையும் பழைய உறுதிகளையும் எண்ணிமப்படுத்துவதற்காக, 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினரிடம் ஒப்படைக்க எண்ணியுள்ளோம்.

தம்பிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பணமாயின் நால்வருக்கும் பங்கு கிடைத்திருக்கும் என்கிறார். அது உண்மையே.

இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வைத்திருப்பதா, விற்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் விலை பேசுமுன்னர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாசியுங்கள். அது எந்தப் பெண்ணின் சீதனமாக எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை, சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.