ஹிவரே பஜார்: நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு

ஹிவரே பஜார், மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (2024 முதல் அகில்யாநகர்) மாவட்டத்துச் சிற்றூர். பரப்பு ஏறக்குறைய 1,000 ஹெக்டேர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழையே கிடைக்கிறது. நிலத்தடி நீரைக் கூடிப் பேசிக் கணக்கிட்டுச் செலவழிப்பது இவ்வூரின் வழக்கம்.

1972 வறட்சிக்குப் பின் கிணறுகள் வற்றின, குன்றுகள் மொட்டையாயின. பலர் கூலி வேலை தேடி ஊரைவிட்டுப் போயினர்; இருந்தவர்களிடையே சாராயமும் அடிதடியும் மலிந்தன. 1989இல் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவார், எம்.காம். படித்த கிரிக்கெட் ஆட்டக்காரர். அதே மாவட்டத்தின் முன்மாதிரி ஊரான ராளேகண் சித்தியின் வழியில் மரம் வெட்டவும், கால்நடைகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கவும், மதுவுக்கும் தடை வந்தது. குடும்பக் கட்டுப்பாடும் சிரமதானமும் (கூலியில்லாப் பொது உழைப்பு) சேர்ந்துகொண்டன. 1994இல் மாநில அரசின் மாதிரிக் கிராமத் திட்டத்தில் ஊர் சேர்ந்தது. குன்றுச் சரிவுகளில் சமமட்டப் பள்ளங்களும், கீழே கசிவுநீர்க் குட்டைகளும் வெட்டப்பட்டன.

பள்ளம் வெட்டிய ஊர்கள் ஏராளம். இவ்வூரைத் தனித்துக் காட்டுவது, பாசனத்துக்குப் போர்வெல் போடக் கூடாது என்ற முடிவுதான். தக்காணத்தின் பசால்ட் பாறையில் நீர் பெரும்பாலும் மேலே சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலுமே தங்கும். ஒருவர் ஆழத் துளைத்தால் அக்கம்பக்கத்துத் திறந்த கிணறுகள் வற்றிவிடும். நீரை அதிகம் குடிக்கும் கரும்பும் வாழையும் விலக்கப்பட்டன. வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறிகள், கறவை மாடுகள் வருமானம் தந்தன. கரும்பை விடுவது எளிதல்ல. விளைந்ததை ஆலையே வாங்கிக்கொள்ளும் பயிர் அது.

2004 முதல் நீர் வரவு செலவுக் கணக்கு போடப்படுகிறது. பருவமழை முடிந்ததும் மழைமானி அளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் வைத்து இருப்பு மதிப்பிடப்படும். குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கி, மிச்சத்துக்கு ஏற்றபடி குளிர்காலப் பயிரைக் கிராம சபை முடிவு செய்யும். மழை குறைந்தால் சாகுபடிப் பரப்பும் குறையும். மராட்டிய மாவட்டங்கள் பல தவித்த 2012–13 வறட்சியிலும் இவ்வூருக்குத் தண்ணீர் லாரி வரவேண்டியிருக்கவில்லை.

போபட்ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரே தலைவரின் செல்வாக்கை இவ்வளவு சார்ந்த ஏற்பாடு வேற்றூரில் வேர்பிடிக்குமா என்ற கேள்வி நியாயமானதே. சட்டத்தின் வழியும் உண்டு: மகாராஷ்டிரம் 2009இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், 60 மீட்டருக்கு மேல் ஆழமான பாசனக் கிணறுகளுக்குத் தடை விதிக்கிறது. ஹிவரே பஜாரின் ஊர்க்கட்டுப்பாடு அதைவிட மூத்தது, கடுமையானதும்கூட.