பிடி அரிசியும் பீடத்து வாசகமும்

செஞ்சின்னா எல்லாருக்கும் கோட்டைதான். ராஜகிரி, ராஜா தேசிங்கு, குதிரை. இங்கே கிறித்துவம் வந்த கதையையும் அரண்மனையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1597-இல் பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார் வந்தார், கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார், நகரத்தின் பெருக்கத்தைப் பார்த்து மலைத்து எழுதினார் என்று. அது நடந்ததுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் திருச்சபை வேர் பிடித்தது சேரியில்.

1876-78 தாது வருசப் பஞ்சம். செஞ்சியிலிருந்து ஆரணிக்குப் போகிற சாலையில் உள்ள சேத்துப்பட்டைத் தளமாகக் கொண்டு தாராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வேலை செய்த காலம். பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான பறையர் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 'கஞ்சிக்கு வேதத்துல சேந்தவங்க' என்று ஊர் ஏசியது. நம்மை ஏசியவர்களும் சரி, நமக்காக இரங்கி எழுதியவர்களும் சரி, வாங்கினவர்களாகவே நம்மைப் பார்த்தார்கள். கொடுத்தவர்களாக நம்மை எழுதிய வரலாறு எங்கே?

எங்க ஆயா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும். கூலி நெல்லு குத்தின அரிசி. வீட்டுல அரை வயிறுன்னாலும் அந்தப் பிடி குறையாது. ஞாயித்துக்கிழமை அது கோவிலுக்குப் போகும். முதல் முட்டை, முதல் பூசணி, திருவிழா வரி, கோவிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஆள்கூலி, எல்லாம் சேரியிலிருந்து போனது. ரசீது கிடையாது. மிசோரமில் 1910-இல் பெண்கள் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றுவரை திருச்சபையின் முக்கிய வருமானமாகக் கணக்கில் ஏறுகிறது. எங்க ஆயாவின் பிடி எந்த நோட்டிலும் இல்லை.

கொடுப்பது ஒரு பக்கம். பணி செய்வது இன்னொரு பக்கம். கோவிலைப் பெருக்கலாம், பந்தல் போடலாம், குழி வெட்டலாம். ஆனால் பீடத்தில் ஏறி வாசகம் வாசிக்க, பூசைக்கு உதவ, பாடகர் குழுவில் நிற்க, தேரைத் தொடப் போனால்தான் சாதி எழுந்து நிற்கும். என் சின்ன வயசுல எங்க பங்கிலும் அப்படித்தான். ஆயா சொல்லும்: "நம்ம அரிசிக்குத் தீட்டு இல்லடா. நமக்குத்தான் தீட்டு."

இத்தனைக்கும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏடு வெளியிட்டது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் திருச்சபைப் பணியில் உரிமையும் கடமையும் உண்டு என்றது. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேல் தலித்துகள். கடமை மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது.

உரிமை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் சாட்சி. செஞ்சி இருக்கும் அதே புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. ஒரே வேதம், ஒரே மாதா. ஆனால் கல்லறை தனி, பொதுத்தெருவில் பிணம் போகக்கூடாது. தலித்துகள் தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். சாதி தன் பிள்ளைகளையும் தின்னும்.

ஒன்றைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருந்தாக வேண்டும். உங்கள் பங்கில் இருக்கிறதா? அதில் சேரியிலிருந்து யார்? வரவு செலவு எங்கே வாசிக்கப்படுகிறது? காணிக்கை போடுகிறவருக்குக் கணக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மாணவத் தோழர்கள் தங்கள் ஊர்க் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். எத்தனை பிடி, எத்தனை வருசம், எத்தனை நாள் ஆள்கூலி, எந்தக் கோவிலுக்கு என்று. கல்வெட்டில் பாதிரியார் பேர் இருக்கிறது. நம்ம கணக்கை நாமதான் எழுதணும். ஆயாக்கள் போய்ச் சேருவதற்கு முன்னால்.