பகவதஜ்ஜுகம்

உடல் மாறாட்டத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் பழைய சமஸ்கிருத அங்கத நாடகம். இதை எழுதியவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்றும் போதாயனர் என்றும் இரு கருத்துகள் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த மாமண்டூர்க் குகைக் கல்வெட்டு, மத்தவிலாசம் என்ற நாடகத்தோடு இதன் பெயரையும் சொல்கிறது.

எமதூதன் ஆள் மாறி வசந்தசேனை என்ற கணிகையின் உயிரைக் கொண்டுபோகிறான். தன் சீடன் சாண்டில்யனுக்கு யோகத்தின் வல்லமையைக் காட்ட, ஒரு துறவி அவள் உடலுக்குள் கூடுபாய்கிறார். பிழையறிந்து திரும்பிய தூதன், கணிகையின் உயிரைத் துறவியின் உடலில் விட்டுவிடுகிறான். அப்புறம் கணிகை வேதாந்தம் பேசுகிறாள், சாமியார் குழைகிறார். நாடகத்தின் உயிரே இந்தக் கூத்துதான்.

கேரளக் கூடியாட்ட மரபு இதைப் பேணியது.