ஒரு முள்ளும் நாலு பெயர்களும்



போன கிழமை பாடம் முடியும் நேரத்தில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், பெரிய ஆய்வாளர்கள் எழுதினதும் பிழையாகுமா?" என்று கேட்டது. மணி அடிக்கப் போகிறது, இரும்மா என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனதுக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கனடாவில் ஒரு மலை. அதன் பாறை 50 கோடி வருடங்களுக்கும் முன்னர் கடலடிச் சேறாகக் கிடந்தது. 1899இல் மத்தியூ என்ற ஆய்வாளருக்கு அங்கிருந்து ஒரு முள் மட்டும் கிடைத்தது. ஏதோ குழாய் போன்ற ஓடுள்ள பிராணி என்று எழுதினார். கையில் இருந்தது ஒரு முள்தானே, அவரைக் குறை சொல்ல ஏலாது.

பிறகு வோல்கொட் முழு உடலையே கண்டெடுத்தார். ஆளின் பெருவிரல் அளவுகூட வராத பிராணி. முதுகெல்லாம் இலை போன்ற செதில்கள், நடுவில் இரண்டு வரிசையாக நீண்ட முட்கள், அடிப்பக்கம் வெறும் சதை. 1911இல் விவாக்சியா என்று பெயர் வைத்து, கடற்புழு இனம், அதாவது மண்புழுவின் சொந்தம் என்றார். எழுபது வருடத்துக்கும் மேலாக அதுவே நின்றது.

1985இல் கொன்வே மொரிஸ் எல்லாவற்றையும் மீண்டும் பார்த்து, இது நத்தை, மட்டி, கணவாய் சேர்ந்த மொலஸ்காவுக்குக் கிட்ட என்றார். 1990இல் பட்டர்பீல்ட் செதிலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். செதிலில் சுண்ணாம்பு இல்லை. அதன் நுண்ணமைப்பு புழுக்களின் மயிரைப் போலவே இருந்தது. திரும்பவும் புழு!

2012இல் மார்ட்டின் ஸ்மித் என்ற இளம் ஆய்வாளர் முதுகை விட்டுவிட்டு வாயைப் பார்த்தார். அரம் போலச் சுரண்டும் பற்கள், இரண்டு மூன்று வரிசையாக. நத்தைக்கு இருக்கிற அதே வகை. இன்று பெரும்பாலானோர் மொலஸ்கா பக்கம்தான். புழுவும் மொலஸ்காவும் தூரத்து உறவினர் என்பதால், முன்னையவர்கள் தடுமாறியதிலும் நியாயம் உண்டு.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு என் பதில்: ஓம் மகள், பிழையாகும். ஆனால் பிழை என்று சொன்ன ஒவ்வொருவரும் புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டே சொன்னார்கள்.

திங்கட்கிழமை மதிலில் ஊரும் ஆபிரிக்க நத்தை ஒன்றைக் கண்ணாடிப் போத்தலில் கொண்டுவருகிறேன். உள்ளே கொஞ்சம் பாசி இருந்தால், வெளியிலிருந்தே வாய் சுரண்டுவது தெரியும். பெற்றோர் பயப்பட வேண்டாம், பிள்ளைகளைத் தொட விடமாட்டேன்.