முதியோர் கூட்டுறவுக் குடியிருப்பு

முதியோர் கூட்டுறவுக் குடியிருப்பு என்பது, முதியோர் தாமே உறுப்பினராகச் சேர்ந்து, கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மூலம் உடைமையாகக் கொண்டு நிருவகிக்கும் வீட்டுத் தொகுதி ஆகும். இதில் நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்கும். உறுப்பினர் பங்கு வாங்கி, ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெறுகிறார்.

செயற்படும் முறை

சேரும்போது பங்குத்தொகையும், பின்னர் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்தப்படும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் பொது விதி. கட்டணம், காவல், பழுதுபார்த்தல் முதலியவற்றை உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழு முடிவு செய்யும். உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ, சங்க விதிப்படி பங்கு வேறொருவருக்கு மாற்றப்பட்டு, உரிய தொகை அவருக்கோ வாரிசுகளுக்கோ வழங்கப்படும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1978 இல் திறக்கப்பட்ட '7500 யார்க்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

பிற வாழிட முறைகளுடன் ஒப்பீடு

* சொந்த வீடு: உரிமை முழுமையானது. ஆயினும் தனிமை, வீட்டைப் பேணும் சுமை ஆகியவை முதியவரையே சாரும்.
* பிள்ளைகளுடன் வாழ்தல்: இந்தியாவில் மிகுதியாக உள்ள முறை. செலவு குறைவு, பராமரிப்பு உறவைப் பொறுத்தது. சொத்தை முன்னரே எழுதிக் கொடுத்தவரின் நிலை நலிவடையக்கூடும்.
* ஓய்வுக்காலக் குடியிருப்பு: தனியார் நிறுவனங்கள் கட்டி, விற்றோ வாடகைக்கு விட்டோ நடத்துபவை. கோயம்புத்தூர்ப் பகுதியில் இவை பல உள்ளன. வசதிகள் மிகுதி, சேவைக் கட்டணத்தைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்யும்.
* முதியோர் இல்லம்: கட்டணம் பெற்றோ இலவசமாகவோ உணவும் தங்குமிடமும் தருவது. இங்கு வாழ்பவருக்கு உடைமையும் வாக்கும் இல்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1983 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. இவை பெரும்பாலும் வீட்டுக்கடனும் மனையும் வழங்குபவை. சென்னை அடையாறு காந்தி நகர் கூட்டுறவுச் சங்கம் உருவாக்கிய குடியிருப்பே. இத்தகைய குடியிருப்புகளில் மனை தனியுடைமையாகி வாரிசுகளைச் சேரும், முதியோருக்கென ஒதுக்கப்படுவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஹெல்பேஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் கூட்டு வாழ்வு உண்டு. ஆனால் அது தொண்டு நிறுவனத்தினுடையது, பங்குடைமை இல்லை.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற நெசவுத் தொழில் மிகுந்த சிறுநகரங்களில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மக்களுக்கு அறிமுகமானவை. எனினும் முதுமையில் பெரும்பாலோருக்குச் சொந்த வீடு அல்லது பிள்ளைகளின் வீடே புகலிடமாகும். இவர்களுக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பாதுகாப்பளிக்கிறது. கவனிப்போம் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், சொத்து மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்க அதன் 23 ஆம் பிரிவு இடமளிக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் இதற்கு முறையிடலாம். சங்கரன்கோவில் தனி வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாகும். மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்றும் இச்சட்டம் கூறுகிறது.

குறைபாடுகள்

பங்குத்தொகை செலுத்த இயலாத வறியோருக்குக் கூட்டுறவு முறை எட்டாதது. உறுப்பினர் அனைவரும் ஒருங்கே முதுமையடைவதால் குழுவில் பணியாற்ற ஆள் குறையலாம். படுக்கையில் விழுந்தவருக்கு வேண்டிய செவிலியர் பராமரிப்பு பொதுவாக இதில் அடங்குவதில்லை. ஆகவே இது தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் உள்ள, ஓரளவு சேமிப்புடைய முதியோருக்கே பெரிதும் பொருந்தும்.