சின்ன மாத்திரையின் பெரிய சரித்திரம்

மலர்க் குழு நண்பர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஹாஸ்டல் கதை, சைக்கிள் கதையெல்லாம் நெறைய வந்துருச்சுங்க. நீங்க முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி நடத்துனவரு. அறிவியல் சரித்திரமா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நாற்பது வருடங்களுக்கும் மேலாக மனதில் கிடக்கிற பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஸ்டீராய்டு மருந்து. கட்டுமஸ்தான உடம்புக்காகச் சில விளையாட்டு வீரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வது வேறு வகை. நான் சொல்வது ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர்கள் கொடுக்கும் கார்டிகோஸ்டீராய்டு.

1978ஆம் வருடம். நான் நம் கல்லூரியில் வேதியியல் மூன்றாமாண்டு. எங்கள் அய்யன் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மில்லில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி மில்கள் பெருகின. அவற்றை நம்பித்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் பிழைத்தன. பஞ்சுத் தூசியும் கூடவே வந்தது. அய்யனுக்கு ராத்திரியில் மூச்சு இழுக்கும். திண்ணையில் குந்த வைத்து, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி விடிய விடிய இருப்பார்.

யாரோ சொல்லி, ஒரு மருந்துக்கடையில் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். சீட்டுக் கிடையாது, டாக்டர் கிடையாது. இழுப்பு நின்றுபோனது! மூன்று வருடம் தினம் அதே மாத்திரை. முகம் வட்டமாக உப்பியது. "மில்லு வேலை ஒத்துக்கிச்சு, மொகத்துல களை வந்துருச்சு" என்று ஊரில் சொன்னார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

அந்தச் சமயத்தில் நூலகத்தில் ஒரு மருந்தியல் புத்தகத்தைப் புரட்டினேன். வட்ட முகம், மெலிந்த தோல், எலும்புத் தேய்வு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று அந்த மாத்திரையின் கேடுகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. சனிக்கிழமை ஊருக்குப் போனதும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். "இது விசமுங்க அய்யா, இனிமே தொடாதீங்க" என்றேன். படிக்கிற பையன் சொல்லிவிட்டான் என்று அவரும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்தாம் நாள் கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் அம்பாசடர் காரில் போட்டுக்கொண்டு கோவைக்கு ஓடினோம். அங்கே ஒரு வயதான டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு? எப்ப நிறுத்துனீங்க?" என்பதுதான். நான் சொன்னேன். உடனே ஒரு ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். அன்று ராத்திரியே அய்யன் கண் திறந்து காப்பி கேட்டார். ஊசியில் இருந்ததும் ஸ்டீராய்டுதான் என்று பிறகு தெரிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. டாக்டர் என் தோளைத் தட்டி, "படிச்சது தப்பில்ல தம்பி. பாதியில நிறுத்திட்டே" என்றார். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒவ்வொரு சுரப்பி உண்டு. அதுதான் அட்ரீனல். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் என்ற டாக்டர் 1855இல் இந்தச் சுரப்பி கெட்டுப்போனால் மனிதன் சோர்ந்து, கருத்து, மெலிந்து இறந்துபோகிறான் என்று எழுதினார். அது இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று தெரிந்தது. ஆனால் அதில் சுரப்பது என்ன என்று கண்டுபிடிக்க மேலும் எண்பது வருடம் ஆயிற்று.

1930களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரெய்க்ஸ்டைனும் மாட்டு அட்ரீனல்களிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். கெண்டல் தம் பொருள்களுக்கு ஏ, பி என்று எழுத்துப் பெயர் வைத்தார். அதில் ஒன்று 'காம்பவுண்ட் ஈ'.

அதே மேயோவில் பிலிப் ஹென்ச் என்று ஒரு வாத டாக்டர். 1929இல் அவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டு வலி விட்டுவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே நடந்தது. அப்படியானால் இந்த நோயைத் தணிக்கும் ஏதோ ஒன்று உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா? அது காம்பவுண்ட் ஈ ஆக இருக்கலாம் என்று ஹென்ச்சும் கெண்டலும் 1941இல் பேசி வைத்தார்கள். சோதித்துப் பார்க்கச் சரக்குத்தான் இல்லை.

நடுவில் யுத்தம். ஜெர்மன் விமானிகள் அட்ரீனல் சாறு போட்டுக்கொண்டு வெகு உயரத்தில் பறக்கிறார்களாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அந்த வதந்தி அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சிக்கு வேகம் கொடுத்தது. மெர்க் கம்பெனியில் லூயிஸ் சாரெட் என்ற இளைஞர் 1944இல் மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைத் தயாரித்துக் காட்டினார். நமக்கு ஐந்து படி வினையை எழுதவே செமஸ்டர் முழுக்க ஆனது நினைவிருக்கிறதா!

1948 செப்டம்பர் 21. மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். அந்த மருந்துக்குக் கார்டிசோன் என்று பெயரிட்டார்கள். 1950இலேயே ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. நிறுத்தியபோது நோயும் திரும்பியது. அற்புதத்துக்கும் ஆபத்துக்கும் சரித்திரம் ஒரே நாளில்தான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

அடுத்த கேள்வி விலை. எத்தனை மாட்டின் பித்தம் கிடைக்கும்? 1952இல் அப்ஜான் கம்பெனியார் ஒரு பூஞ்சையைப் பிடித்தார்கள். பழைய ரொட்டியில் கருப்பாகப் பூக்குமே, அந்த ரைசோபஸ் இனம்தான். வேதியியலாளர் பல படிகளில் செய்ததை அது ஒரே படியில் செய்து கொடுத்தது. மூலப்பொருள் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. கிளாக்ஸோ கம்பெனி இன்னொரு வழி கண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நார் எடுத்தபின் வீணாகும் சிசல் கத்தாழைச் சாற்றிலிருந்து ஹெகோஜெனின் என்ற பொருளை எடுத்து, அதிலிருந்து ஸ்டீராய்டு செய்தார்கள். நம் தோட்டத்து வேலியிலும் ரயில் பாதை ஓரத்திலும் முள் நீட்டிக்கொண்டு நிற்கும் கத்தாழைக்கு அது பங்காளி. அதன் நாரில் கயிறு திரித்த நமக்கு, பங்காளி வீட்டில் மருந்து இருந்தது தெரியாமல் போயிற்று. 1955இல் பிரட்னிசோலோன் வந்தது. அய்யன் சாப்பிட்டது அதுதான்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? நம் அட்ரீனல் தினமும் கார்டிசால் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகம், ராத்திரி குறைவு. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவுக்குள் போகிறது. வீக்கத்தைக் கிளப்பும் பொருள்களைச் செய்யும் ஜீன்களை அடக்குகிறது. தணிக்கும் ஜீன்களைத் தூண்டுகிறது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற மாதிரி இல்லை. மில் மேனேஜர் ஷிப்டை மாற்றுகிற மாதிரி. அதனால்தான் முழுப் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகிறது. ஆனால் மேனேஜர் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் உத்தரவு போடுகிறார். சர்க்கரை, எலும்பு, தசை, கிருமியோடு சண்டை போடும் படை என்று ஒன்றையும் விடுவதில்லை. நன்மை, தீமை இரண்டும் ஒரே கையெழுத்தில் வருவது இதனால்தான்.

அய்யன் விழுந்ததற்கும் காரணம் இதில் இருக்கிறது. அட்ரீனலுக்கு உத்தரவு மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. ரத்தத்தில் வெளி ஸ்டீராய்டு நிறைய இருந்தால், "சரக்கு இருக்கே" என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிப்போகும். உடம்பு தானாகச் சுரப்பது சுமார் ஐந்து மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். மூன்று வருடம் தூங்கிய சுரப்பியிடம் ஒரே நாளில் அதைக் கேட்டால் எங்கே போகும்? எழுப்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த டாக்டர் கடைசியில் அரை மாத்திரை, கால் மாத்திரை என்று ஏறக்குறைய ஒரு வருடம் குறைத்தார்.

இந்த மருந்து காப்பாற்றியவர்கள் கணக்கற்றவர்கள். தொழுநோயில் நரம்பு வீங்கிக் கை கால் மடங்கிப்போகும் 'ரியாக்ஷன்' நேரத்தில் பிரட்னிசோலோன் கொடுத்து ஊனத்தைத் தடுக்கிறார்கள்; நம் மாநிலத்தில் கரிகிரி போன்ற இடங்களில் இந்த மருத்துவம் வளர்ந்தது. 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர், குறைப்பிரசவ வலி வந்த தாய்க்கு ஊசி போட்டால் வயிற்றிலிருக்கும் சிசுவின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று காட்டினார்கள். என் பேத்தி எட்டாம் மாதம் பிறந்தவள். அவள் அம்மாவுக்கும் அந்த ஊசி போட்டார்கள். அதே 1972இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தது. மருந்து நுரையீரலுக்கு நேராகப் போவதால் மிகச் சிறிய அளவே போதும். அய்யனுக்கும் பின்னாளில் அதுதான் கைகொடுத்தது. "ஊதுற மருந்து ஒத்துக்காது, பழக்கமாயிரும்" என்று இன்றும் பலர் மாத்திரையைத் தேடுகிறார்கள். உண்மை நேர்மாறானது.

2020 ஜூனில், கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது என்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு நன்மை தெரியவில்லை. இந்தப் பின்பாதியைப் பலர் படிக்கவில்லை. லேசான காய்ச்சலுக்கே வாங்கிச் சாப்பிட்டார்கள். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தது; கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன. அந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் பூஞ்சை எது தெரியுமா? அதே ரைசோபஸ் இனம். மருந்து செய்யக் கைகொடுத்ததுதான், அந்த மருந்தால் உடம்பு தளர்ந்த இடத்தில் வந்து குடியேறியது.

சிவப்பழகுக்கென்று முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு தடவி, தோல் மெலிந்து சிவந்துபோன பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். 2018இல் இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. சீட்டைக் கேட்க வேண்டியது கடைக்காரர். கொண்டு போக வேண்டியது நாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன், கடும் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். தானாக ஆரம்பிக்கவும் வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம்.

அய்யன் அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தார். நான் சாக்கடையில் கொட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஒரே ஒரு முறை மட்டும் கேட்டார்: "ஏஞ்சாமி, அந்த மாத்திரை நல்லதா, கெட்டதா?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டுச் சாப்பிட்டா நல்லதுங்க' என்று இப்போது சொல்வேன். கேட்கத்தான் அவர் இல்லை.