இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை: செரிமான மண்டலப் பரிசோதனை ஏன் தேவை?

வயது வந்த ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை கண்டறியப்பட்டால், உணவுக் குறைவே காரணம் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. இரைப்பையிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா எனக் கண்டறிவது இன்றியமையாதது. இரும்புச்சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் உயரலாம். ஆனால் கசிவுக்குக் காரணமான புண்ணோ புற்றுநோயோ அதனால் குணமாகாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

உடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் இரும்புச்சத்தையே ஈர்த்துக்கொள்கிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. எனவே, நாள்தோறும் ஒரு தேக்கரண்டி இரத்தம் கசிந்தாலே இருப்பு குறையத் தொடங்கும். அந்த அளவில் மலத்தின் நிறம் மாறாமலும் இருக்கலாம்.

முக்கியக் காரணங்கள்

• வலிநிவாரணி மாத்திரைகள், ஆஸ்பிரின் அல்லது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் ஏற்படும் இரைப்பை, முன்சிறுகுடல் புண்கள்
• வெறுங்காலுடன் மண்ணில் நடப்பதால் தொற்றும் கொக்கிப்புழு
• இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்
• கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்

மூலநோய் இருப்பதாலேயே காரணம் தெரிந்துவிட்டது எனக் கருத வேண்டாம். மூலத்துடன் வேறு நோயும் இருக்கலாம்.

பரிசோதனைகள்

முதலில் முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் அளவு, மலப் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். பின்னர் வாய்வழி இரைப்பை எண்டோஸ்கோப்பியும் பெருங்குடல் கொலனோஸ்கோப்பியும் பரிந்துரைக்கப்படலாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அதிக உதிரப்போக்கே பொதுவான காரணம்; எனினும் மலத்தில் இரத்தம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், மாத்திரைக்குப் பலனின்மை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அவர்களுக்கும் இப்பரிசோதனைகள் தேவைப்படும்.

கொலனோஸ்கோப்பிக்கு ஏறத்தாழ 7 நாட்களுக்கு முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துமாறு கூறப்படும். அது மலத்தைக் கருமையாக்கிக் குடற்சுவரை மறைக்கும். இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை மருத்துவர் கூறாமல் நிறுத்தாதீர்கள்.

எங்கு அணுகுவது?

நாவலூர் வட்டாரத்தில் வசிப்போர் முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவைப்படுவோர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற உயர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். முந்தைய இரத்த அறிக்கைகளையும், கடையில் தாமாக வாங்கியவை உள்ளிட்ட மாத்திரை அட்டைகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

உடனடிக் கவனம்

தார் போன்ற பிசுபிசுப்பான கரிய மலம், இரத்த வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

ஹீமோகுளோபின் இயல்பான அளவை எட்டிய பின்னரும் ஏறத்தாழ 3 மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். உடல்நிலை தேறிவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்த இயலும்.